முதுகு காட்டி வாசித்த மாமா

அந்தக் கிற்றாரில் ஓட்டை இல்லை என்பதுதான் அப்பாவின் முதல் குற்றச்சாட்டு. கிற்றார் என்றால் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்க வேண்டும், சத்தம் அதற்குள்ளால்தான் வர வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். மாமா ஞாயிறு சந்தையில் வாங்கி வந்ததோ முழுப் பலகை. மூன்று விரல் தடிப்பு. பழைய வெண்ணெயின் நிறம். மேலே ஒரு கறுப்புத் தகடு, ஆறு கம்பிகள், கம்பிகளுக்கு அடியில் இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். அப்பா அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"உன்னை ஏமாத்திப்போட்டாங்கள். இது கிற்றார் இல்லை. கிற்றார் செய்யிறதுக்கெண்டு வெட்டி வைச்ச பலகை."

"இல்லை அத்தான், இது கரண்டில வேலை செய்யிறது."

"அப்ப வயர் எங்க?"

"வயர் பிறகு வாங்கலாம்."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது நாட்டிலிருந்து வந்தவர். விசாக் காகிதம் சரிவரும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று வந்து, காகிதம் சரிவந்த பிறகும் எங்களோடேயே இருந்தார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரை மணித்தியாலம் வந்தால் எங்கள் ஊர். இரண்டு அறை வீடு. வரவேற்பறைச் சோபாவை இழுத்தால் மாமாவின் கட்டில். மடித்தால் விருந்தாளிகளின் இருக்கை. அவருக்குச் சொந்தம் என்று அந்த வீட்டில் இருந்தது சோபாவுக்குப் பின்னால் ஒரு முழ அகலம்தான். கிற்றார் அதற்குள் போயிற்று. ஏன் கிற்றார் வாங்கினாய் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஏன் கார் வாங்கவில்லை என்றுதான் கேட்டார்கள்.

அதைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டு வந்தாராம். பயணச்சீட்டுப் பார்க்க வந்தவர் இதற்குள் என்ன என்று கேட்க, மாமா போர்வையை விலக்கிக் கம்பிகளில் விரலை ஓட்டிக் காட்டினாராம். சத்தமே வரவில்லை. சீட்டுப் பார்த்தவர் பாவப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போனாராம். இதை மாமா சொல்லும்போது தானே முதலில் சிரிப்பார். நான் எங்கோ தொடங்கி எங்கோ போகிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் இதனால்தான் என்னை ஓப்பா, அதாவது தாத்தா, என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

அந்த வயர் வர இரண்டு வருடம் எடுத்தது. வயர் மட்டும் போதாது, சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் பெட்டியும் வேண்டும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த இரண்டு வருடமும் மாமா சத்தமில்லாமல் வாசித்தார். இத்தாலியன் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு வேலை. மத்தியானச் சமையல் முடிந்து பின்னேரச் சமையல் தொடங்கும்வரை இரண்டரை மணித்தியாலம் ஓய்வு. நான் பள்ளிக்கூடத்தால் வர, அவர் வெங்காய மணத்தோடு சோபாவில் இருப்பார், மடியில் கிற்றார் இருக்கும். கரண்ட் இல்லாமல் அதை மீட்டினால் பக்கத்து அறையில் நுளம்பு பறக்கிற மாதிரித்தான் கேட்கும். ஆனால் பலகையின் விளிம்பில் காதை வைத்தால் நிலைமை வேறு. முதல்முறை வைத்தபோது திடுக்கிட்டு எழும்பிவிட்டேன். உள்ளே ஒரு பெரிய மண்டபம் இருப்பது போல இருந்தது. அதன் பிறகு மாமா வாசிக்க, நான் அவர் மடியில் தலையைச் சாய்த்து, மரத்தில் காதை ஒட்டிக்கொண்டு கிடப்பேன். காதில் கோடு விழுந்திருக்கும். அம்மா ஒருநாள் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டார்களோ என்று கேட்டாள்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் பலகார அன்ரி வருவா. அம்மாவோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவ. அவவுடைய கணவர் ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் வருடமே வேலைக்குப் போகிற வழியில் விபத்தில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும் அரியதரமும் முறுக்கும் பயற்றம் பணியாரமும் அவவுடைய கையால்தான். மாமாவைவிட இரண்டு வயது மூப்பு என்று அம்மா ஒருமுறை சொன்னது நினைவிருக்கிறது. ஏன் சொன்னாள் என்பது நினைவில்லை.

காதை வைத்துக் கேட்கும் முறை பெரியவர்களுக்குச் சரிப்படாது. ஆகவே மாமா வேறொரு வழி கண்டுபிடித்தார். கிற்றாரின் தலைப்பகுதியை அம்மாவின் சேலை அலுமாரிக் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தால் அலுமாரி முழுவதும் பாடும். உள்ளே தொங்கும் கொழுவிகள்கூடத் தாளம் போடும். பலகார அன்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வாசலில் நின்றா.

"இதென்ன, அலுமாரியோ பாடுது?"

"ஓம். உங்கட பாட்டு ஏதும் வேணுமெண்டால் சொல்லுங்கோ, அலுமாரியிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

"உங்கட அலுமாரிக்குப் பழைய பாட்டுத் தெரியுமோ?"

"சீலை எல்லாம் பழசுதானே," என்றார் மாமா. குசினியிலிருந்து அம்மா, "எனக்குக் கேக்குது," என்றாள்.

அன்ரி சிரித்துவிட்டு உள்ளே வந்து அலுமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றா. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. நான் காதால் கேட்டதை அவ கையால் கேட்டா என்று எனக்கு அன்று ஒரு பெரிய கண்டுபிடிப்பு. அதற்கு மேல் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குப் பத்து வயதானபோது அக்கா பெரியபிள்ளையானாள். ஜெர்மனியில் அப்போது யூரோ வந்து கொஞ்சக் காலம்தான். சாமத்திய வீட்டை, அந்தப் பூப்புச் சடங்கை, மண்டபம் எடுத்துச் செய்வது என்று அப்பா முடிவெடுத்தார். ஊர்த் தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபம் ஒன்று. மேடை உண்டு, மேடைக்குப் பின்னால் பெரிய குசினி உண்டு, நடுவில் ஒரு கதவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டு. எங்கள் பக்கத்துக் கொண்டாட்டங்களுக்கெல்லாம் வாசிக்கிற கீபோர்ட் அண்ணையிடம் அம்ப் பெட்டி இருந்தது. "பிள்ளையின்ர சடங்குக்குத் தாய்மாமன் வாசிக்கட்டும்," என்று அவரே சொல்லிவிட்டார். முதன்முதலாக அந்தப் பலகைக்குச் சத்தம் வரப் போகிறது. நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஆனால் அம்மாவுக்கு அன்றைக்கு வேறொரு அலுவல் இருந்தது. பிராங்பேர்ட்டில் ஒரு குடும்பம். மகள் வயோதிபர் இல்லத்தில் தாதி வேலைக்கு அவுஸ்பில்டுங் பயிற்சி முடித்தவள். சாதகம் பொருந்திவிட்டது. நேரே வந்து பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது என்றால் பிறகு சரிவராமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் முகம் சுருங்கும். ஆகவே எங்கள் ஆட்கள் யாராவது ஒருவருடைய கொண்டாட்டத்தில் பார்த்தும் பாராத மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். பிராங்பேர்ட் ஆட்களுக்கு அக்காவின் சடங்குக்கு அழைப்பிதழ் போயிற்று. மாமாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அம்மா நாலு வருடமாகப் பார்த்து, நாலு இடம் தட்டிப்போய், இது ஐந்தாவது. இதுவும் தப்பினால் தம்பி சோபாவிலேயே கிழவனாகிவிடுவான் என்று அப்பாவிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன்.

"நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை," என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். "மேடையில நிண்டு உன்ர பலகையை வாசி. அவை பாப்பினம். அவ்வளவுதான்."

"சரி அக்கா," என்றார் மாமா. அம்மா எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

சடங்கு நாள் காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மாமா தேங்காய் உடைத்தார், சரிபாதியாகப் பிளந்தது. பெண்கள் இரண்டு இரண்டு பேராக மேடையேறி அக்காவுக்கு ஆராத்தி எடுத்தார்கள். அப்பாவோடு வேலை செய்கிற ஒருவரின் போலந்துக்கார மனைவிகூட எடுத்தா. மூன்று நாளாக எங்கள் வீட்டில் நின்று பலகாரம் சுட்ட அன்ரியைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். குசினிக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த கதவை ஒரு சாண் திறந்து பிடித்துக்கொண்டு, உள்ளே நின்றே பார்த்துக்கொண்டிருந்தா. நல்ல நீலச் சேலை. தலையில் பூ இல்லை.

"அன்ரி, நீங்க ஏன் எடுக்கேல்லை?"

"எனக்குக் கை எல்லாம் எண்ணெய், அப்பன். நீ போய்ப் பார்."

கையைப் பார்த்தேன். எண்ணெய் இருந்த மாதிரித் தெரியவில்லை. துடைத்திருப்பா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சாப்பாடு முடிந்தது. பிராங்பேர்ட் குடும்பத்தை மேடைக்கு நேரே முதல் வரிசை மேசையில் அம்மா இருத்தியிருந்தாள். தகப்பன், தாய், மகள். மாமா வெள்ளைச் சேர்ட்டோடு மேடையேறி வயரைச் செருகினார். அம்ப் பெட்டியிலிருந்து வந்தது பாட்டல்ல. நூறு குளிர்சாதனப் பெட்டிகள் ஒன்றாக இரைந்த மாதிரி ஒரு சத்தம். மேசையில் இருந்த கரண்டிகள் அதிர்ந்தன.

"இப்பத்தான் வயர் வந்திருக்கு," என்றார் அப்பா, யாரிடமும் என்றில்லாமல்.

கீபோர்ட் அண்ணை வயரை மாற்றினார். இரைச்சல் போகவில்லை. மண்டப விளக்குகளைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மண்டபம் பார்க்கும் ஜெர்மன்காரரிடம் கேட்டார்கள். அவர் குறைத்தார், இரைச்சல் கூடியது. வீடியோக்கார அண்ணை தன்னுடைய பெரிய விளக்கை அணைக்கமாட்டேன் என்று நின்றார். "லைட் இல்லாட்டி முகம் கறுத்துப்போம். பிறகு என்னைத்தான் பேசுவியள்." மாமா கிற்றாரைக் கழுத்தில் மாட்டியபடியே மெல்ல மெல்லத் திரும்பினார், கூரையில் ஏறி அன்ரனாவைத் திருப்புகிறவரைப் போல. இடப்பக்கம் திரும்ப இரைச்சல் கூடிற்று. வலப்பக்கம் திரும்பக் குறைந்தது. இன்னும் திரும்பினார், இன்னும் குறைந்தது. சபைக்கு முழுமுதுகையும் காட்டியபோது இரைச்சல் அறவே நின்றுவிட்டது. மாமா அப்படியே நின்று, முதல் பாட்டைத் தொடங்கினார்.

அது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குச் சொல் போதாது. மடியில் கிடந்து ஒற்றைக் காதால் நான் மட்டும் கேட்ட அந்தப் பெரிய மண்டபம் அன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. பலரும் சாப்பாட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கேட்டார்கள். ஆனால் மூன்றாம் பாட்டுக்குள் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது. மாமாவின் முகத்தை யாருமே இன்னும் பார்க்கவில்லை.

"பெடியனுக்கு முகத்தில ஏதும் குறையோ?" என்று பிராங்பேர்ட் அம்மா பக்கத்து மேசையிடம் கேட்டது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அம்மா என்னுடைய கையைப் பிடித்தாள். நகம் குத்தியது.

"ஓடிப் போய் மாமாவைத் திரும்பச் சொல்லு. அம்மா செத்துப்போவாள் எண்டு சொல்லு."

நான் ஓடிப்போய் மேடையேறிச் சொன்னேன். அம்மா செத்துப்போவாளாம் என்பதையும் விடவில்லை. மாமா வாசிப்பை நிறுத்தாமலே சபைப் பக்கம் திரும்பினார். இரைச்சல் எழும்பி எல்லாரும் காதைப் பொத்தினார்கள். எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது. மாமா எனக்குத் தோளைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பழையபடி திரும்பிக்கொண்டார். பிறகு குனிந்து என் காதில் சொன்னார்:

"கம்பிக்குக் கீழ காந்தம் இருக்கெல்லே? அது லைட்டின்ர கரண்டையும் சேர்த்து இழுக்குது. இஞ்சால திரும்பினாத்தான் இழுக்காது. இதை எல்லாருக்கும் விளங்கப்படுத்து. உன்னால ஏலும்."

என்னால் ஏலும் என்று அதற்கு முதல் யாரும் எனக்குச் சொன்னதில்லை. கணக்கில் எனக்கு ஐந்து. ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் ஐந்து என்றால் கடைசிக்கு முதல். நான் மேசை மேசையாகப் போனேன். "மாமாவுக்குக் கோவம் இல்லை, வெக்கமும் இல்லை, அது காந்தம்," என்று தொடங்குவேன். விளக்கைக் காட்டுவேன், கையைக் கிற்றார் மாதிரி வைத்துத் திரும்பிக் காட்டுவேன். சிலர் எனக்குக் கேக் தந்தார்கள். கடைசியாகத்தான் முதல் வரிசைக்குப் போனேன், பயத்தில். பிராங்பேர்ட் ஐயா ரயில் திருத்துமிடத்தில் மின்வேலை செய்கிறவர். நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பெடி சொல்லுறது சரி," என்று மனைவியிடம் சொன்னார். "அது விஞ்ஞானம். பெடியனில பிழையில்லை."

தூரத்தில் அம்மா மூச்சு விட்டதை நான் பார்த்தேன். அன்று என்னை யாராவது தூக்கிக் கொடிகட்டி ஊர்வலம் போயிருந்தால்கூட எனக்கு அது அதிகமாகத் தெரிந்திராது.

பெண் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. தன்னுடைய பேப்பர்த் தட்டில் இருந்த அரியதரத்தைச் சின்னச் சின்னதாகப் பிட்டுக்கொண்டு மேடையையே பார்த்தபடி இருந்தா. பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"தம்பி, உங்கட மாமாவுக்கு நேர ஒரு கதவு இருக்கெல்லே, அதில நிக்கிறது ஆர்?"

"அது பலகார அன்ரி. நீங்க சாப்பிடுறது அவ சுட்டதுதான்."

"அவ ஏன் முன்னுக்கு வரேல்லை?"

"கை எல்லாம் எண்ணெயாம்."

"ஓ," என்றா அந்தப் பிராங்பேர்ட் அக்கா. மிச்ச அரியதரத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்தா. "நல்லாச் சுட்டிருக்கிறா எண்டு சொல்லிவிடுங்கோ."

நான் போய்ச் சொன்னேன். இப்போது கதவு முழுதாகத் திறந்திருந்தது. அன்ரி கதவு நிலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றா. நான் சொன்னது அவவுக்குக் கேட்டதோ தெரியாது. மாமா இரண்டு மணித்தியாலம் வாசித்தார். எல்லாம் பழைய பாட்டுகள். கீபோர்ட் அண்ணை இடையில் புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார். மாமா அதற்குள் போகவில்லை.

அடுத்த கிழமை பிராங்பேர்ட்டிலிருந்து தொலைபேசி வந்தது. தகப்பனுக்கும் தாய்க்கும் முழுச் சம்மதம், ஆனால் மகள் வேண்டாம் என்கிறாளாம். காரணம் கேட்டால் தூரம் என்கிறாளாம். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பழி முழுவதும் கிற்றாருக்குப் போயிற்று. "ஓட்டை உள்ளதா வாங்கியிருந்தா இந்தக் கரைச்சல் வந்திராது," என்றார் அப்பா. சடங்கு வீடியோ வந்தபோது அதில் மாமாவின் முதுகு மட்டும் இருபது நிமிடம் இருந்தது. வீடியோக்கார அண்ணைக்கு நட்டம் என்னவென்றால், அவ்வளவு பெரிய விளக்குப் பிடித்தும் ஒரு முகம் கிடைக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து மாமாவும் பலகார அன்ரியும் நகரசபைக் கந்தோரில் போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். அம்மா சில மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை அரியதரத்துக்கு மா இடிக்கத் தெரியவில்லை என்று சாட்டுச் சொல்லித் தானே போய் அவர்கள் கதவைத் தட்டினாள். அன்றிலிருந்து பலகார அன்ரி எனக்கு மாமி. பெரியவர்களின் ஆயிரம் அலுவல்களில் இதுவும் ஒன்று என்று நான் இருந்துவிட்டேன். காந்தக் கதையையும் இந்தக் கதையையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. அது விஞ்ஞானம் என்று ஒரு பெரிய மனிதர் சொல்லியிருந்தாரே.

எனக்குக் களஞ்சிய வேலை கிடைத்துத் தனியாக வீடு எடுத்தபோது, கிற்றாரை மாமா என்னிடம் தந்தார். நானும் ஒரு சின்ன அம்ப் பெட்டி வாங்கினேன். செருகினால் அதே இரைச்சல். எனக்குத்தான் வைத்தியம் தெரியுமே. கதிரையை மெல்ல மெல்லத் திருப்பி, சத்தம் நிற்கிற இடத்தில் போட்டேன். என் வீட்டில் அந்த இடம் குளியலறைச் சுவருக்கு நேரே இருந்தது. நாலு வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

பிறகு கம்பி ஏந்தும் பகுதியைச் சரிசெய்ய ஒரு திருத்துநரிடம் கொண்டுபோனேன். வயதான ஜெர்மன்காரர். அவருடைய கடையில் நான் இரைச்சலுக்குத் தக்கபடி கதிரையைத் திருப்பத் தொடங்க, அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கை நீட்டி, கம்பிகளுக்குக் கீழே இருக்கிற சின்னச் சுவிச்சு நெம்பை நடு இடத்துக்குத் தள்ளினார். இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டது. நான் எந்தப் பக்கம் இருந்தேனோ அந்தப் பக்கமே இருந்தேன். இரண்டு காந்தமும் சேர்ந்து வேலை செய்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும், இந்த வகைக் கிற்றார் வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரியுமே என்றார்.

மாமா அந்தக் கிற்றாரை வருடத்துக்கு இரண்டு தரம் முழுதாகக் கழற்றிப் பூட்டுகிறவர். அந்த நெம்பு அவருடைய சின்ன விரலுக்குக் கீழேயே இருப்பது.

வீட்டுக்கு வந்து அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மாமா, அந்தச் சுவிச்சை நடுவில விட்டா இரைச்சல் நிக்குது."



"அப்பிடியோ?" என்றார். "நல்ல விசயமாக் கிடக்கு. அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "ஆர் போனில?"

"மருமோன். கிற்றாரில ஏதோ கண்டுபிடிச்சிருக்கிறானாம்."

"இப்பவோ?" என்றா மாமி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்த மண்டபத்தில் எத்தனை மேசை இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு வந்தது. பதினெட்டு மேசைக்கும் போய், மாமா ஏன் திரும்பி நிற்கிறார் என்று விளங்கப்படுத்தியவன் நான். எனக்கு மட்டும் அன்றைக்கு அது விளங்கியிருந்தால், வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில் இருந்திருப்பேன். அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த இரண்டு மணித்தியாலம் கிடைத்திராது.